ரீலோடிங் பிரஸ்: பலகையில் பொருத்துவதும் பார்த்துப் பார்த்து மாற்றுவதும்

தோட்டா செய்யும் புதுப் பிரஸ்ஸைப் பெட்டியிலிருந்து எடுத்த அன்றைக்கே நான் செய்த தப்பு, அதைப் பழைய கணினி மேசையில் போல்ட்டு போட்டு இறுக்கியதுதான். கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு அது தாங்கியது. பெரிய .308 ரைஃபிள் கூட்டை அச்சுக்குள் ஏற்றி இறக்கத் தொடங்கியதும், கைப்பிடியை இழுக்கும் ஒவ்வொரு முறையும் மேசையின் பின்கால் தரையை விட்டு எழும்பியது. குண்டு ஒரு தோட்டாவில் ஆழமாக உட்கார்ந்தது, அடுத்ததில் மேலே நின்றது. அச்சைக் குறை சொன்னேன், கூட்டைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரைக் குறை சொன்னேன், இரண்டு வாரம் கழித்துத்தான் புரிந்தது: பிரஸ் நல்ல பிரஸ்தான், பலகைதான் பொம்மை.

சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை எறியாமல், பழைய அளவுக்கு நெருக்கி, புதுப் பிரைமரும் (ஊசி தட்டினால் தீப்பொறி கிளப்பும் சின்ன மூடி) வெடிமருந்தும் குண்டும் வைத்து மறுபடி தோட்டாவாக்குவதுதான் ரீலோடிங். அமெரிக்காவில் இலக்கு சுடுபவர்கள், மான் வேட்டைக்குப் போகிறவர்கள் பலருக்கு இது வீட்டு கேரேஜில் நடக்கும் பொழுதுபோக்கு. நானும் டெக்சாஸில் அப்படித்தான் செய்கிறேன். முதல் பிரஸ்ஸை வாங்கிவிட்டு எங்கே பொருத்துவது, எதை மாற்றுவது என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்தக் குண்டுக்கு எவ்வளவு மருந்து என்று ஒரு இடத்திலும் சொல்லப்போவதில்லை. அதற்கு ஹார்னடி, லைமன் போன்றவர்கள் அச்சிடும் கையேடுகள் இருக்கின்றன. அதில் உள்ள தொடக்க அளவுக்கு மேல் முதல் நாளே போகக் கூடாது, யாரோ சொன்ன அளவையும் நம்பக் கூடாது. அவ்வளவுதான்.

முதலில் சட்டம்

சொந்த உபயோகத்துக்குத் தோட்டா செய்துகொள்ள அமெரிக்க மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்கத் தொடங்கினால் உரிமம் வேண்டும். மாநிலச் சட்டம் ஒவ்வொரு இடத்திலும் வேறு, அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஆட்கள் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பது போன்ற சில விதிவிலக்குகள்தான் உண்டு. கிரீன் கார்டு வந்தவருக்கு இந்தத் தடை இல்லை. அலுவலகத்தில் கூட வேலை செய்கிறவர் சுடுதளத்துக்கு அழைத்துப் போனார், ஆசை வந்துவிட்டது, பிரஸ் வாங்கிவிடலாமா என்று கேட்பவர்கள் முதலில் விசாவைப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் வழக்கறிஞரிடம் கேளுங்கள். இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஊருக்குப் போய் இதைச் செய்து காட்டலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

எந்தப் பிரஸ்

பிரஸ் என்பது நம் வீட்டு முறுக்கு நாழி மாதிரிதான். நாழி ஒன்று, அச்சுகள் பல. எந்த அச்சைப் போடுகிறோமோ அந்த வேலை நடக்கும். அந்த அச்சைத்தான் டை என்கிறோம். கீழேயிருந்து ரேம் என்ற தடித்த இரும்புத் தண்டு கூட்டை மேலே தூக்கிக்கொண்டு போய் டைக்குள் நுழைக்கும். ரேமின் தலையில் கூட்டின் விளிம்பைப் பிடித்துக்கொள்வது ஷெல் ஹோல்டர்.

ஒரு டை மட்டும் போடக்கூடியது சிங்கிள் ஸ்டேஜ். நாலைந்து டைகளை ஒரு வட்டத் தட்டில் வைத்துக் கையால் சுற்றுவது டரட். ஒரே இழுப்பில் நாலைந்து கூடுகளுக்கு நாலைந்து வேலையும் நடப்பது புரோகிரஸிவ். கடைக்காரர் மூன்றாவதைத்தான் காட்டுவார். நீங்கள் முதலாவதை வாங்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு காரியம் மட்டும் நடந்தால்தான் எது தப்பாகப் போனது என்று புதியவருக்குத் தெரியும். ஆங்கில 'ஓ' எழுத்து மாதிரி மூடிய சட்டகம் உள்ள வார்ப்பிரும்புப் பிரஸ்ஸாக இருந்தால் நல்லது. ஆர்சிபிஎஸ் ராக் சக்கர், லீ கிளாசிக் காஸ்ட், ரெடிங் பிக் பாஸ் எல்லாம் அந்த வகை. பிள்ளைகள் காலம் வரைக்கும் வரும்.

இன்னொரு வசதி. டையின் மரை பெரும்பாலும் எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றே: 7/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 மரை. ஒரு கம்பெனியின் டை இன்னொரு கம்பெனியின் பிரஸ்ஸில் உட்காரும். இந்த 14-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழுச் சுற்று என்பது சுமார் 1.8 மில்லிமீட்டர், கால் சுற்று அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கீழே. டையைத் திருப்பும்போது கை எவ்வளவு நகர்ந்தது என்பதை வைத்தே ஆழத்தைக் கணக்கிட இது உதவும்.

பலகை

இதில்தான் நேரத்தைச் செலவிட வேண்டும். முக்கால் அங்குல பிளைவுட் இரண்டைப் பசையும் ஸ்குரூவும் போட்டு ஒட்டினால் ஒன்றரை அங்குலப் பலகை கிடைக்கும். கால்களுக்கு நாலுக்கு நாலு மரம் போதும். அப்புறம் முக்கியமானது: மேசையின் பின்பக்கத்தைச் சுவரோடு சேர்த்து இறுக்க வேண்டும், அதுவும் சுவர் பலகைக்குப் பின்னால் நிற்கும் மரத்தூணில். அமெரிக்க வீடுகளில் அவை பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒன்று இருக்கும். வெறும் ஜிப்சம் பலகையில் ஸ்குரூ போட்டால் மூன்றாம் நாள் கையோடு வந்துவிடும். வாடகை வீட்டுக்காரர்கள் கீழ்த்தட்டில் சிமெண்ட் மூட்டையை வைத்துக் கனமாக்கலாம். அழகாக இருக்காது, ஆனால் ஆடாது.

இடம் பார்க்கும்போது இரண்டை ஒதுக்குங்கள். வெந்நீர்க் கொதிகலன், ஹீட்டர் மாதிரி உள்ளே தீ எரியும் சாதனம் இருக்கும் மூலை ஒன்று, சமையலறை இன்னொன்று. பிரைமரில் ஈயக் கலவை இருக்கிறது. சுட்ட கூட்டிலிருந்து உதிரும் கரியிலும் ஈயம் இருக்கும். சாப்பாட்டு மேசையில் இந்த வேலை கூடவே கூடாது. டெக்சாஸ் கேரேஜ் கோடையில் அடுப்பு மாதிரி கொதிக்கும், அதனால் பிரஸ் கேரேஜிலும் மருந்து வீட்டுக்குள் குளிர்ந்த அலமாரியிலும் இருக்கின்றன. அலமாரிக்குப் பூட்டு உண்டு.

பலகை தயாரானதும் உடனே துளை போடாதீர்கள். பிரஸ்ஸை இரண்டு சி-கிளாம்ப்பால் பிடித்து வைத்து, மேசைக் காலுக்கு நேர் மேலே வருகிறதா என்று பாருங்கள். நடுப்பகுதியில் வைத்தால் பலகை வில் மாதிரி வளையும். கைப்பிடி முழுதாகக் கீழே வரும்போது மேசை விளிம்பில் முட்டுகிறதா, உங்கள் முழங்காலில் இடிக்கிறதா என்று பத்துத் தடவை வெறுமனே இழுத்துப் பாருங்கள். உயரத்துக்கு என் கணக்கு: ரேமின் தலை கீழே இருக்கும்போது, அதில் வைத்த கூட்டின் வாய்க்குள் கழுத்தைக் குனியாமல் எட்டிப் பார்க்க முடிய வேண்டும். நின்று செய்பவருக்கும் உட்கார்ந்து செய்பவருக்கும் இது வேறுவேறு உயரம்.

திருப்தியானதும் அடிப்பாகத்தின் துளைகளைப் பென்சிலால் குறித்து, பலகையைத் துளைத்து, மேலிருந்து கீழே முழுதாகப் போகும் போல்ட்டு போடுங்கள். மர ஸ்குரூ வேண்டாம். இழுப்பு விசை முழுவதும் மேல்நோக்கி வருவதால் ஸ்குரூ மரத்தைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். அடியில் அகலமான வாஷர், இன்னும் நல்லது ஒரு இரும்புப் பட்டை. ஒரு வாரம் கழித்து நட்டுகளை மறுபடி இறுக்குங்கள், மரம் கொஞ்சம் அமுங்கியிருக்கும்.

முதல் துடைப்பு, டை வைப்பது

கடையிலிருந்து வரும் பிரஸ்ஸிலும் டையிலும் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய்ப் பூச்சு இருக்கும். அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு ரேமுக்கும் கீல்களுக்கும் மட்டும் ஓரிரு சொட்டு எண்ணெய் விடுங்கள். டையின் உட்பக்கம் உலர்ந்திருக்கட்டும். எண்ணெய் பட்ட விரலால் பிரைமரைத் தொடக் கூடாது. எண்ணெய் பிரைமரைக் கெடுத்துவிடும்.

முதல் டை கூட்டைச் சுருக்கி, பழைய பிரைமரைத் தள்ளி வெளியேற்றுவது. ரைஃபிளுக்கான இரும்பு டை என்றால், ரேமை முழுதாக மேலே ஏற்றி, டை ஷெல் ஹோல்டரைத் தொடும்வரை கையால் திருகுங்கள். ரேமை இறக்கிவிட்டு, டையை இன்னும் அரைக்கால் சுற்று முதல் கால் சுற்று வரை கீழே திருகுங்கள். இப்போது கைப்பிடியை இழுத்தால் கடைசியில் ஒரு சின்ன அழுத்தம் தாண்டி விழுவது கையில் தெரியும். அதுதான் வேண்டியது. கைத்துப்பாக்கிக்கான கார்பைட் டை என்றால் இதைச் செய்யாதீர்கள். அதனுள் இருக்கும் கார்பைட் வளையம் கண்ணாடி மாதிரி கடினம், இடித்தால் விரிசல் விடும். தொட்டும் தொடாமலும் நிற்கிற இடத்தில் விடுங்கள். நடுவில் ஒரு தாள் போகிற இடைவெளி இருந்தால் சரி.

கார்பைட் டைக்கு நேர்ப்பக்கச் சுவருள்ள கைத்துப்பாக்கிக் கூட்டில் வழவழப்புப் பசை பூசத் தேவையில்லை. ரைஃபிள் கூட்டுக்குக் கட்டாயம் வேண்டும். பூச மறந்த ஒரு கூடு எனக்கு டைக்குள் மாட்டிக்கொண்டது. பலம் காட்டி இழுத்ததில் விளிம்பு பிய்ந்து வந்தது, கூடு உள்ளேயே இருந்தது. துளை போட்டு, மரை வெட்டி, போல்ட்டு விட்டு இழுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போனது. அதற்கென்றே கிட் விற்கிறார்கள் என்பதிலிருந்தே நான் தனி ஆள் இல்லை என்று தெரிகிறது.

பிரைமரைத் தள்ளும் ஊசி டையின் வாய்க்குக் கீழே சுமார் 1/8 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக நீட்டினால் போதும். புது ஊசி ஒடிந்தால் முதலில் கூட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் நடுவில் ஒரே துளை என்றால் பாக்ஸர் வகை, இதில்தான் வேலை நடக்கும். ஓரமாக இரண்டு சின்னத் துளை என்றால் பெர்டன் வகை, ஊசிக்குப் போக வழியே இல்லை. பாக்ஸர் ஆங்கிலேயர், பெர்டன் அமெரிக்கர். ஆனால் அமெரிக்கா பாக்ஸரைப் பிடித்துக்கொண்டது, ஐரோப்பாவின் பெரும்பகுதி பெர்டனுக்குப் போனது. யாரும் தன் ஊர்க்காரரை மதிக்கவில்லை போலிருக்கிறது.

இரண்டாவது டை, நேர்ச்சுவர்க் கூடுகளுக்கு, வாயைக் கொஞ்சம் விரிப்பது. குண்டு விழாமல் உட்கார்ந்து நிற்கிற அளவு விரிந்தால் போதும். காளான் மாதிரி விரித்தால் நாலைந்து தடவையிலேயே வாய் கிழியத் தொடங்கும்.

கடைசி டை குண்டை உட்கார வைப்பது. இதில் இரண்டு வேலை ஒரே டைக்குள் இருப்பதால்தான் புதியவர்கள் குழம்புகிறார்கள். டையின் உடம்பு கூட்டின் வாயை இறுக்கிப் பிடிக்கிறது. மேலே உள்ள தண்டு குண்டைக் கீழே தள்ளுகிறது. அதனால் ஒரு வெற்றுக் கூட்டை ரேமில் ஏற்றி, உடம்பு கூட்டின் வாயைத் தொடுவது கையில் தெரியும்வரை திருகி, பின்பு ஒரு முழுச் சுற்று மேலே எடுத்துவிடுங்கள். இப்போது இறுக்கும் வேலை நடக்காது. தண்டை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஒவ்வொரு தடவையும் வெர்னியர் காலிப்பரால் மொத்த நீளத்தை அளந்து, கையேடு சொல்லும் நீளத்துக்குக் கொண்டு வாருங்கள். கைத்துப்பாக்கித் தோட்டாவான .38 ஸ்பெஷலுக்கு உச்ச நீளம் 1.550 அங்குலம், .308 வின்செஸ்டருக்கு 2.810. நீளம் சரியான பிறகுதான் உடம்பை இறக்கி வாயை இறுக்கும் வேலை.

ஒவ்வொரு டையின் பூட்டு வளையத்தையும் இறுக்கும்போது ரேம் மேலே, கூடு டைக்குள் இருக்கட்டும். டை நேர்மையத்தில் பூட்டிக்கொள்ளும்.

மாற்றங்கள்: கண் முதலில், கை அப்புறம், வேகம் கடைசியில்

பிரஸ் வாங்கியவருக்கு அடுத்த அரிப்பு, அதில் எதையாவது மாட்டுவது. மாட்டுங்கள், ஆனால் இந்த வரிசையில்.

முதலில் வெளிச்சம். சட்டகத்தின் உள்பக்கம் ஒரு சின்ன எல்இடி பட்டையை ஒட்டுங்கள், அல்லது காந்த அடி உள்ள வளையும் விளக்கை வையுங்கள். கூட்டுக்குள் மருந்து தெரிய வேண்டும். .38 ஸ்பெஷல் கரிமருந்துக் காலத்துத் தோட்டா, அதனால் கூடு ஆழம். இன்றைய புகையற்ற மருந்து அதில் அடியில் கொஞ்சமாகத்தான் கிடக்கும். தவறிப்போய் இரண்டு தடவை விழுந்தாலும் நிரம்பி வழியாது, வெளியே ஒன்றும் தெரியாது. அதைச் சுட்டால் துப்பாக்கி உடையும், கையும் போகலாம். மருந்தே விழாத கூடும் ஆபத்துதான்: பிரைமரின் வேகத்தில் மட்டும் குண்டு குழலுக்குள் போய் நின்றுவிடும், அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். ஐம்பது துளையுள்ள ஒரு மரக்கட்டையில் கூடுகளை நிறுத்தி, மருந்து போட்டபின் குண்டு வைப்பதற்கு முன்னால் வரிசை வரிசையாக விளக்கடித்துப் பாருங்கள். நூறு டாலர் கருவியைவிட அந்தக் கட்டை மேல்.

இரண்டாவது, பழைய பிரைமர் போகும் வழி. பல பிரஸ்களில் அவை ஒரு சின்னத் தட்டில் விழ வேண்டும், ஆனால் பாதி தரையில் உருளும், கூடவே கரியும் பறக்கும். ரேம் உள்ளீடற்றதாக இருந்து அடியில் வழி இருந்தால் ஒரு ஒளிபுகும் ரப்பர்க் குழாயைச் செருகி, கீழே ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் விடுங்கள். லீ கிளாசிக் காஸ்டில் இந்த ஏற்பாடு பிரஸ்ஸோடேயே வருகிறது. மற்றவற்றுக்குத் தட்டின் ஓரத்தில் காந்தப் பட்டை ஒட்டி அட்டையால் சுவர் கட்டலாம் என்று நினைத்தேன். பிரைமர் பித்தளை, காந்தத்துக்கு எங்கே ஒட்டும்? அட்டை மட்டும் பயன்பட்டது. தரையில் விழுந்த கரியைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

மூன்றாவது, பூட்டு வளையங்கள். சில வளையங்களில் பக்கவாட்டுத் திருகு நேராக டையின் மரையைக் கடிக்கும், மரை நசுங்கும். அந்தத் திருகின் துளைக்குள் ஒரு சின்ன ஈயச் சில்லைப் போட்டுவிட்டு இறுக்குங்கள். ஈயம் நசுங்கி மரையை நிரப்பிப் பிடிக்கும், மரைக்குச் சேதம் இல்லை. பழைய ஆட்களின் தந்திரம் இது. இல்லையென்றால் பிளவு வளையம் வாங்கி மாற்றலாம். வளையத்துக்கும் பிரஸ்ஸுக்கும் குறுக்கே ஒரு பெயிண்ட் கோடு போட்டுவிட்டால் டை நகர்ந்ததா இல்லையா என்று ஒரு பார்வையில் தெரியும்.

கைக்கு வசதி என்றால் பிரஸ்ஸைப் பலகைக்கு மேலே உயர்த்தி வைக்கும் சட்டகம், உருளும் கைப்பிடி. சாதாரண உருண்டைக் கைப்பிடி இருநூறு தோட்டாவுக்குப் பிறகு உள்ளங்கையைத் தேய்க்கும். உருளும் கட்டை போட்டால் மணிக்கட்டு வலிக்காது. ஆனால் கைப்பிடியில் குழாயைச் செருகி நீளமாக்காதீர்கள். அதிக விசை தேவைப்படுகிறது என்றால் உள்ளே ஏதோ தப்பு நடக்கிறது என்று அர்த்தம்.

வேகத்துக்கானதில் நான் செய்த ஒரே மாற்றம் டையைச் சட்டென்று மாற்ற உதவும் புஷ்ஷிங் என்ற வளையம். ராக் சக்கர் போன்ற பிரஸ்களில் டை உட்காரும் உச்சி வளையத்தைக் கழற்றலாம், அதன் வெளிமரை 1 1/4 அங்குலம், 12 மரை. அந்த இடத்தில் ஹார்னடியின் லாக்-என்-லோட் புஷ்ஷிங் ஏறும். அப்புறம் டை ஒவ்வொன்றும் ஆறில் ஒரு பங்கு சுற்றிலேயே பூட்டிக்கொள்ளும், அளவு மாறாது. மோட்டார் மாட்டுவது, ரேமையும் ஷெல் ஹோல்டர் காடியையும் அரத்தால் தேய்ப்பது, இவை இரண்டும் வேண்டாம். மோட்டாருக்குக் கையின் உணர்ச்சி கிடையாது. பிரைமர் கோணலாக உட்காருவதைக் கை ஒரு நொடியில் சொல்லிவிடும்.

பிரைமரும் மருந்தும்

சின்ன வயதில் பொட்டு வெடியைக் கல்லால் தட்டியவர்களுக்குப் பிரைமரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பொட்டு வெடி ஒன்று விளையாட்டு. நூறு பிரைமர் ஒரு கண்ணாடிக் குப்பியில் கிடந்தால் அது வெடிகுண்டு. வந்த தட்டிலேயே வைத்திருங்கள். அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் 495-ஆம் விதித்தொகுப்பு வீட்டுக்கு 10,000 பிரைமர் வரை, புகையற்ற மருந்து அசல் டப்பாவில் 20 பவுண்டு (சுமார் 9 கிலோ) வரை என்கிறது. புதியவருக்கு ஒரு டப்பா போதும். மேசையில் ஒரு நேரத்தில் ஒரே மருந்து டப்பா. இரண்டு இருந்தால் ஒருநாள் மாற்றி ஊற்றுவீர்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், செல்போனை உள்ளறையில் விடுங்கள், வேலை முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரிலும் சோப்பிலும் கை கழுவிவிட்டுத்தான் காபி.

உட்கார்ந்த பிரைமர் கூட்டின் அடிமட்டத்துக்கு ஒரு மயிரிழை கீழே இருக்க வேண்டும். விரலை ஓட்டிப் பாருங்கள், மேடு தட்டினால் அந்தக் கூட்டைத் தனியே வையுங்கள். முரண்டு பிடித்தால் அழுத்தித் தள்ளாதீர்கள்.

இதற்கெல்லாம் முன்னால், டை வைத்த அன்றைக்கே பிரைமரும் மருந்தும் இல்லாமல் ஒரே ஒரு வெற்றுத் தோட்டா செய்யுங்கள். நீளத்தை அளந்து, துப்பாக்கிக் குழலைக் கழற்ற முடிந்தால் அதில் போட்டுப் பாருங்கள், தன் எடையில் விழுந்து தன் எடையில் வெளியே வர வேண்டும். சரியாக வந்தால் கூட்டின் பக்கத்தில் ஒரு துளை போட்டு, டைப் பெட்டியிலேயே போட்டுவிடுங்கள். ஆறு மாதம் கழித்து டையை மறுபடி மாட்டும்போது அந்த வெற்றுத் தோட்டாவை ரேமில் ஏற்றி, தண்டு அதன் மூக்கைத் தொடும்வரை திருகினால், பழைய இடம் கிடைத்துவிடும்.